தோழிக்குத் தோள் கொடுப்பது எப்படி? கோலாலம்பூரில் வீட்டைப் பிரிந்து வாழும் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து ஏழு வருடமாகிறது. அதில் ஆறு வருடம் செந்தூலில் ஒரு பிளாட்டில், ஒரே தோழியோடு. அவள் ஊர் சுங்கைப் பட்டாணி, என் ஊர் பாகான் செராய் பக்கம். பெயர் மட்டும் போடாதே என்றாள், எழுதியதைப் படித்துப் பார்த்துச் சரி என்றும் சொன்னாள், அதனால் இங்கே அவள் வெறும் 'அவள்'.

எங்கள் பாட்டிகள் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள். ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் சுவருக்கு இந்தப் பக்கம் தெரிந்துவிடும், கஞ்சி வைத்துக் கொடுக்க, பிள்ளையைத் தூக்கிக்கொள்ள யாராவது ஒருத்தி வந்துவிடுவாள். பதினோராவது மாடியில் அப்படி யாரும் வருவதில்லை, லிஃப்டில் தினமும் பார்க்கிற முகத்துக்குக்கூடப் பெயர் தெரியாது. ஊரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்குகிற பல பெண்களுக்கு ஆத்திர அவசரத்துக்கு இருப்பது ஒரே ஒரு தோழிதான். எங்கள் இருவருக்கும் பாசத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனாலும் ஒருத்தியை ஒருத்தி கைவிட்ட மாதிரி ஆன சமயங்கள் உண்டு, யோசித்துப் பார்த்தால் அத்தனையும் முன்கூட்டியே பேசி வைக்காததால் வந்தவை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஏற்பாடுகளைப் பற்றியது. முதல் இரண்டு படிகளை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

படி 1: நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள்

சம்பளம் வந்த வாரம், வயிறு நிறைந்த நேரம், மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: உனக்கு மனசு சரியில்லை என்றால் நான் பேச்சுக் கொடுக்கணுமா, சும்மா பக்கத்தில் இருந்தால் போதுமா? உன் வீட்டுக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது? எந்தப் பேச்சை நான் எடுக்கவே கூடாது?

அவளுக்குக் கஷ்டம் வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும், எனக்கோ உடனே யாரிடமாவது கொட்டியாக வேண்டும். இது தெரியாமல் முதல் வருடம் முழுக்க நான் அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன், நான் அழும்போது அவள் மரியாதையாக எழுந்து வெளியே போய்விடுவாள், இருவருமே மனதுக்குள் 'இவளுக்கு என் மேல் அக்கறையே இல்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு ராத்திரி பேசிய பேச்சில் அது தீர்ந்தது. இப்போது அவள் கதவு சாத்தியிருந்தால் வாசலில் ஒரு மைலோ வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அதோடு ஒரு ரகசிய வாக்கியமும் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது "அம்மாவுக்கு மருந்து வாங்கியாச்சா?" இது வாட்ஸ்அப்பில் வந்தால் அர்த்தம்: நான் இருக்கிற இடம் எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதே போன் செய், நான் கிளம்புவதற்கு ஒரு காரணம் கொடு. யார் எட்டிப் பார்த்தாலும் சாதாரணமாகத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். ஆறு வருடத்தில் நான்கு முறை பயன்பட்டிருக்கிறது.

படி 2: ஒரு பக்கம் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் முழுப்பெயர், ஐசி எண், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, தினமும் சாப்பிடும் மருந்து, ஊரில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், காப்புறுதி இருந்தால் அட்டையின் நகல், வேலையிடத்து மேலாளர் எண். அவள் தாள் என்னிடம், என் தாள் அவளிடம், போனிலும் ஒரு படம். ஒரே வீட்டில் இல்லையென்றால் மாற்றுச் சாவியையும் கொடுத்து வையுங்கள்.

மருத்துவமனையில் முதலில் கேட்பது குடும்பத்தில் யார் என்றுதான், தோழிக்கு அங்கே பேச்சுரிமை குறைவு. எனக்குக் குடல்வால் வலி வந்த ராத்திரி அவள் அந்தத் தாளை வைத்துத்தான் என் அண்ணனை இரண்டே நிமிடத்தில் பிடித்தாள்.

ஆனால் வங்கிக் கடவுச்சொல், ஏடிஎம் பின், இவை அந்தத் தாளில் வேண்டாம். நம்பிக்கை இல்லாததால் இதைச் சொல்லவில்லை. பின்னால் ஏதாவது பணம் காணாமல் போனால் சந்தேகப்பட ஓர் ஆள்கூட நடுவில் இருக்கக்கூடாது, அதற்காகத்தான்.

படி 3: அவளுக்கு வேலை போனால்

இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் நான் அதிகம் தவறு செய்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம் அவளை மனிதவளப் பிரிவுக்குக் கூப்பிட்டு, ஒரு தாளை நீட்டி, ராஜினாமா என்று கையெழுத்துப் போடு, அப்போதுதான் உன் பேர் கெடாது என்றார்கள். போட்டுவிட்டாள். எனக்குச் சொன்னது ராத்திரி ஒன்பது மணிக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா, அன்று ராத்திரியே பதினான்கு வேலை விளம்பரங்களை அனுப்பினேன். அவள் ஒன்றையும் திறக்கவில்லை, இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை. எனக்கு என்ன குழப்பமென்றால், உதவிதானே செய்தேன், ஏன் இப்படி? அவள் பிறகு சொன்னாள்: "நீ அனுப்ப அனுப்ப, ஒரு நாள்கூட வேலை இல்லாத என்னை உன்னால் பார்க்க முடியவில்லை என்றுதான் எனக்குத் தோணுச்சு."

அதனால் முதல் நாள் விளம்பரம் வேண்டாம், சாப்பாடு மட்டும். இரண்டு தப்பாவ் வாங்கிக்கொண்டு போங்கள், என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்ல விடுங்கள், "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தையை விழுங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள் தேதிகளைப் பாருங்கள், ஏனென்றால் இங்கே சட்டம் காத்திருக்காது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவின் வேலை காப்புறுதி, அதாவது எஸ்ஐபி, 2018இல் தொடங்கியது, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டில் மாதாமாதம் அதற்குப் பிடித்திருப்பார்கள், பலர் கவனிப்பதே இல்லை. தானாக விருப்பப்பட்டு ராஜினாமா செய்தவர்களுக்கு அது கிடைக்காது, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் கிடைக்காது. ராஜினாமாக் கடிதத்தை ஏன் அவ்வளவு அவசரமாக நீட்டுகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று தொழில் உறவுத் துறையில் முறையிடுவதற்கும் அதே 60 நாள்தான், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அழுது தீர்வதற்குள் இரண்டு மாதம் போய்விடும், அதனால் நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்து வைப்பது தோழியின் வேலை. அவளால் அந்த வாரம் தேதி பார்க்க முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி இருக்கிறது. அலுவலகத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் "நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, படம் எடுத்து மற்றவளுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு ராத்திரி போதும், தலை தெளிந்துவிடும்.

அப்புறம், கூடப் போங்கள். கவுண்டரில் எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரம்தான் மனசு அதிகம் நொறுங்கும் நேரம், அதற்கு ஒரு நாள் விடுப்பு எடுப்பது பதினான்கு விளம்பரங்களைவிடப் பெரிய உதவி. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படி குறைந்தது 8 நாள்தான் ஆண்டு விடுப்பு, அதில் ஒன்றிரண்டை வருடக் கடைசி வரை செலவழிக்காமல் வைத்திருங்கள். தோழி வீட்டுச் சாவுக்குப் பொதுவாக நிறுவனங்கள் தனி விடுப்பு கொடுப்பதில்லை. அவள் அப்பா தவறியபோது என்னிடம் மிச்சமிருந்த இரண்டு நாளை வைத்துத்தான் இடிஎஸ் ரயிலில் சுங்கைப் பட்டாணி போய்ச் சேர்ந்தேன், பதினாறாம் நாளுக்கு ஞாயிறாக அமைந்தது எங்கள் நல்ல நேரம்.

படி 4: பணம்

சங்கடமான பேச்சு, ஆனால் நட்பு முறிகிற இடம் பெரும்பாலும் இதுதான், ஆகவே வெளிப்படையாகப் பேசுங்கள்.

கொடுக்க வேண்டுமென்றால் முதலில் உங்களுக்குள் ஒரு தொகையை முடிவு செய்யுங்கள், திரும்பி வராவிட்டாலும் முகம் கோணாமல் இருக்க முடிகிற தொகை. எனக்கு அது 300 வெள்ளி, அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் போனால் அது கடன், கடனென்றால் தேதியும் தொகையும் மாதத் தவணையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிக்கொள்கிறோம். எழுதுவது அவமானம் இல்லை, எழுதிய பிறகு இரண்டு பேருக்கும் அதை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வாங்கியவள் புது உடுப்பு போட்டால் கொடுத்தவளுக்கு உறுத்துமே, அந்த உறுத்தல் தவணை ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் வராது.

சில விஷயங்களுக்கு இல்லை என்றே சொல்லுங்கள். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் வேண்டாம், அவள் கட்டாவிட்டால் வங்கி உங்களைத்தான் தேடி வரும். உங்கள் வங்கிக் கணக்கை வேறொருவர் பணம் போட்டு எடுக்க இரவல் கொடுப்பது குற்றம், தோழி கேட்டாலும், தோழியின் காதலன் கேட்டாலும். அம்மா போட்டனுப்பிய சங்கிலியை அடகு வைக்க வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, அது போனால் மூன்று வீட்டுக்குச் சண்டை. கூட்டுப் பணம் பிடிப்பது நம் பெண்களிடையே சாதாரணம், வேலையிடத்திலும் கோயில் கூட்டத்திலும் யாராவது கூப்பிடுவார்கள், ஆனால் இந்த நாட்டில் அதைத் தடை செய்து 1971லேயே சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. நடத்துகிறவர் ஓடிவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம், இழுத்துவிட்ட தோழியின் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

அவள் ஏற்கெனவே கடன் அட்டையில் மாட்டியிருக்கிறாள் என்று தெரிந்தால் உங்கள் சேமிப்பை எடுத்துக் கொடுப்பதற்கு முன் ஏகேபிகேக்கு அழைத்துப் போங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, கடன் ஆலோசனை இலவசம், வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றி அமைக்கவும் உதவுகிறார்கள். ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரனிடம், வாங்கியிருந்தால் வெட்கப்படாமல் குடும்பத்தில் ஒருவருக்குச் சொல்லியாக வேண்டும், அதை இரண்டு பெண்கள் மட்டும் சுமக்கக் கூடாது. மோசடியில் பணம் போய்விட்டதென்றால் திட்டுவதெல்லாம் பிறகு, உடனே வங்கிக்கும் மோசடிப் புகார் எண்ணான 997க்கும் அழைக்க வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

படி 5: ராத்திரியும் தொல்லையும்

கிராப் ஏறினால் பயணத்தைப் பகிர்வது, இறங்கினால் 'வீடு' என்று ஒரு வார்த்தை, வராவிட்டால் இருபது நிமிடத்தில் போன். கேடிஎம் கொமியூட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, ராத்திரியில் அதில் ஏறச் சொல்லுங்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நீட்டவில்லை.

தெரியாமல் இருப்பது அடுத்தது. ஒருவன் பின்னாலேயே வருகிறான், வேண்டாம் என்றபின்னும் ஓயாமல் செய்தி அனுப்புகிறான் என்றால், 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் அது தனிக் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. குடும்ப வன்முறைச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், குடும்பத்தார் செய்வதற்குத்தான் பொருந்தும், காதலனாக இருந்தவனுக்குப் பொருந்தாது, அதனால் இந்தப் பிரிவு நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதன் தீர்ப்பாயம் 2024 முதல் புகார்களை எடுத்துக்கொள்கிறது, அங்கே போக வழக்கறிஞருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

தோழி செய்ய வேண்டியது குறிப்பெடுப்பது. பாதிக்கப்பட்டவள் அருவருப்பில் செய்திகளை அழித்துவிடுவாள், அது இயல்பு. அழிப்பதற்கு முன் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் உங்கள் கையால் எழுதி வையுங்கள். புகார் கொடுப்பதா இல்லையா என்பது அவள் முடிவு, தயவுசெய்து அவளுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள், ஆனால் ஆறு மாதம் கழித்து அவள் 'சரி, போகலாம்' என்றால் நோட்டு தயாராக இருக்க வேண்டும். அடிபட்டாலோ அதைவிட மோசமாக ஏதாவது நடந்தாலோ நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு, குளிப்பதற்கு முன், உடை மாற்றுவதற்கு முன். சிகிச்சை முதலில், புகாரை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கூட யாரும் இல்லையென்றால் அரசின் உதவி எண் டாலியான் காசே 15999, நாள் முழுக்க எடுப்பார்கள்.

படி 6: மனசு ரொம்ப பாரமாகிவிட்டால்

சாப்பாடு குறைகிறது, தூக்கம் இல்லை, பிடித்த விஷயம் எதுவும் பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறதென்றால் அது வெறும் சோகம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், அங்கே ஆரம்பிக்கலாம்.

பயமாக இருந்தாலும் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகலாம் போல இருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, உள்ளே இருந்தால் வெளியே வர ஒரு வழி கிடைக்கும். அவள் ஆமாம் என்றால் அன்று தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை எடுத்து வைத்துவிடுங்கள், மனசு உடைந்தவர்களோடு பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. ஏதாவது செய்துகொண்டுவிட்டால் 999. போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்த காலம் உண்டு, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது, அந்தப் பயம் இனி வேண்டாம்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். 'உன் உயிர் சம்பந்தப்பட்டதென்றால் உன் அக்காவிடம் சொல்லுவேன்' என்று நான் அவளிடம் முதலிலேயே சொல்லியிருக்கிறேன், படி 1இல் பேச வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று. ஒருத்தி மட்டும் தாங்கிப் பிடித்தால் அவளும் விழுவாள், மூன்றாவதாக ஒருவரை உள்ளே கொண்டுவருவது துரோகம் ஆகாது.

படி 7: கேட்கப் பழகுங்கள்

சில பெண்களுக்குக் கொடுப்பது சுலபம், கேட்பதுதான் கஷ்டம். நான் அந்த ரகம். வீட்டில் மூத்தவள், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று வளர்ந்தவள். அதனால் நாலாவது வருடம் வரை உதவி எல்லாம் என் பக்கத்திலிருந்து அவள் பக்கம் போய்க்கொண்டிருந்தது, நான் அதைப் பெருமையாக நினைத்தேன், அவளோ என்னோடு இருப்பதே ஒரு கடனாக உணர ஆரம்பித்திருந்தாள்.

தைப்பூசத்துக்கு வேண்டுதல் வைத்து அந்த வருடம் நான் பால்குடம் எடுத்தேன். விடியற்காலை மூன்று மணி, பத்துமலை ஆற்றங்கரையிலிருந்து கூட்டத்தோடு நடந்து, 272 படி ஏறும்போது பாதியில் எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அவள் பக்கத்திலேயே என் செருப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "என்னைப் பிடிச்சுக்கோடி" என்று கேட்டேன், அவ்வளவுதான். இடுப்பில் கைகொடுத்து மேலே வரை ஏற்றினாள். இறங்கி வந்து உட்கார்ந்தபோது சொன்னாள், "இத்தனை வருஷத்துல நீ என்கிட்ட கேட்ட முதல் உதவி இது."

இதை ஒரு பயிற்சியாகவே செய்யுங்கள்: வாரத்துக்கு ஒரு சின்ன விஷயம் கேளுங்கள். பசாரில் கறிவேப்பிலை வாங்கி வா, இந்த மின்னஞ்சலைப் படித்துப் பார், ஞாயிற்றுக்கிழமை என் தலைக்கு எண்ணெய் வை. சின்னதைக் கேட்டுப் பழகாதவளுக்குப் பெரியது வரும்போது வாய் வராது.

நல்ல செய்திக்கும் இதே கவனம் வேண்டும். அவளுக்குச் சம்பளம் ஏறியது, எனக்கு ஏறவில்லை, அந்த வாரம் எனக்கு வயிறு எரிந்தது உண்மை. இரண்டு நாள் கழித்து அதை அவளிடமே சொன்னேன், "சந்தோஷமாவும் இருக்கு, கொஞ்சம் வலிக்கவும் செய்யுது" என்று. அவள் கோபப்படவில்லை, தன் சம்பள விவரத்தைக் காட்டி, எப்படிக் கேட்டு வாங்கினாள் என்று சொல்லிக் கொடுத்தாள். மறைத்திருந்தால் அந்தப் பாடம் எனக்குக் கிடைத்திருக்காது.

படி 8: ஒருத்தி ஊர் மாறினால்

கல்யாணம், வேலை, ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை, ஏதோ ஒன்று வரும். அவள் இந்த வருடக் கடைசியில் ஜொகூர் பாரு போகிறாள். பேசிக்கொண்டே இருப்போம் என்று பொதுவாகச் சொல்லி விடாதீர்கள், நாளும் நேரமும் குறித்துவிடுங்கள், எங்களுக்கு ஞாயிறு ராத்திரி எட்டரை. முடியாத வாரம் ஐந்து நிமிடக் குரல் செய்தி.

வாடகை ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது, முன்பணத்தில் யார் பங்கு எவ்வளவு, அடுத்து வரப்போகிறவள் யாரிடம் கட்டுவாள், இதையெல்லாம் அவள் பெட்டி கட்டுவதற்கு முன் தீர்த்துவிடுங்கள். நாங்கள் போன சனிக்கிழமை உட்கார்ந்து முடித்தோம். அப்படியே படி 2இன் தாளையும் எடுத்துத் திருத்தினோம். அவளுடைய ஜொகூர் பாரு முகவரி, புது மேலாளர் எண், அங்கே கீழ்வீட்டில் இருக்கப்போகிற அக்காவின் எண் எல்லாம் என்னிடம் இருக்கும் அவள் தாளில் ஏறிவிட்டது. அந்த அக்காவுக்கு நானே போன் செய்து என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன், ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடு பாப்பா, போய்ப் பார்க்கிறேன் என்றார். என் தாளில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் அவள் பெயருக்குக் கீழே செந்தூலில் யார் பெயரை எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை, எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தைப்பிங் பெண்ணிடம் இந்த வாரம் பேசப்போகிறேன்.